கேரவனை விற்கப் போன டெஸ்மண்ட்

இனிமேல் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை என்று டெஸ்மண்ட் கில்பின் முடிவெடுத்தார். ஜனவரி மாதத்து வெயிலில், தன் தக்காளிச் செடிகளின் நடுவே நின்று எடுத்த முடிவு. அதாவது, தக்காளிச் செடிகள் இருந்த இடத்தின் நடுவே. ஓராண்டு ஆளில்லாத தோட்டத்தில் இப்போது புல்தான் இடுப்பளவு நின்றது.

ஆரஞ்சுப் பழக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். காலை நீட்டி உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்க்க ஆசைப்பட்டார். மனைவி பெரில் நாடு பார்க்க ஆசைப்பட்டாள். எனவே நாடு பார்த்தார்கள். சொந்த ஊரான ரென்மார்க்கிலிருந்து, கேரவன் என்ற சக்கர வீட்டை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு கிளம்பி, ஆஸ்திரேலியாவை ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு, முந்தாநாள்தான் திரும்பியிருந்தார்கள். சுற்றுலாவில் உலாவியது பெரில். டெஸ்மண்டுக்குச் சுற்றியது தலை.

உள்ளே போனால், சமையலறை மேஜையில் மறுபடியும் வரைபடம் விரிந்திருந்தது.

“டெஸ், டாஸ்மேனியாத் தீவை விட்டுட்டோமே!”

“விட்டதாவே இருக்கட்டும்.”

“பிப்ரவரியில கப்பல் ஏறினா…”

“கப்பலா? தரையில பட்டது போதாதா?”

“எல்லாம் புது அனுபவம்தானே.”

“உனக்கு அனுபவம். நான் அனுபவிச்சது பூரா பாவம்!”

பெரில் வரைபடத்தில் இன்னொரு ஊருக்கு வட்டம் போட்டாள்.

‘முடியாது’ என்று நேராகச் சொல்லி டெஸ்மண்ட் ஜெயித்ததாக நாற்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் வரலாறு இல்லை. அதனால் சுற்றி வளைத்தார். பப்பில் ஒருவர் பழைய கேரவன் தேடிக்கொண்டிருந்தார். அவரைச் சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். பெரிலிடம் மெதுவாகப் பேச்செடுத்தார்.

“நேர்மையா ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம், பெரில். போன வருஷத்துல நல்லது எத்தனை, கெட்டது எத்தனை? நல்லது அதிகம்னா டாஸ்மேனியா. கெட்டது அதிகம்னா கேரவனை வித்துடணும்.”

“தீர்ப்பு யார் சொல்றது?”

“பக்கத்து வீட்டு நோலீன்.”

நோலீன் இருபது வருஷம் பெண்கள் வலைப்பந்தாட்டத்துக்கு நடுவராக இருந்தவள். சொந்தத் தங்கையையே ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பியவள். அவளிடம் பாரபட்சம் கிடையாது.

“சரி,” என்றாள் பெரில். உடனே. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் பின்பக்க வராந்தாவில் விசாரணை. நோலீன் ஒரு தட்டு லேமிங்டன் கேக்கோடும் கழுத்தில் விசிலோடும் வந்து உட்கார்ந்தாள். டெஸ்மண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நலர்பார் சமவெளி. நடுவழியில பெட்ரோல் தீர்ந்து அஞ்சு மணி நேரம் வெயில்ல வெந்தோம். கெட்டது.”

“வழியில பங்க்கே வரலையா?” என்று கேட்டாள் நோலீன்.

“வந்துச்சு. கூட்டமா இருந்துச்சு. அடுத்ததுல போட்டுக்கலாம்னு…”

“அடுத்ததுன்னு ஒண்ணு இல்ல,” என்றாள் பெரில்.

நோலீன் எதையோ குறித்துக்கொண்டாள்.

“எண்பது மைல் கடற்கரை. மணல்ல வண்டி புதைஞ்சுபோச்சு. அலை கதவு வரைக்கும் வந்துடுச்சு!”

“‘வண்டி இறக்காதீர்’னு போர்டு இருந்துச்சே, டெஸ்? நீதானே சத்தமாப் படிச்சே? படிச்சுக்கிட்டேதானே இறக்கினே?”

“எழுத்து சின்னதா இருந்துச்சு!”

பீப்! விசில் ஊதினாள் நோலீன். “அடுத்தது.”

டெஸ்மண்ட் விடவில்லை. பெரிய குண்டை எடுத்தார். “கனநரா ஊர்ல. கழிப்பறைக்குள்ள தவளை! உட்கார்ந்த இடத்துக்குக் கீழயே!”

“தவளை என்ன செஞ்சுது?”

“என்ன செய்யும்? பார்த்துச்சு!”

நோலீன் கொஞ்சம் யோசித்தாள். “அப்போ புகார் கொடுக்க வேண்டியது தவளைதான்.”

“நோலீன்! நீ நடுவர்!”

“அதனாலதான் உன் பக்கமே எழுதிக்கிறேன். கெட்டது.”

பெரிலின் முறை வந்தது. அவள் காகிதம் எதையும் பார்க்கவில்லை. கூபர் பீடியில் ஓபல் கல் தேடி இவர் மூன்று நாள் குழிக்குள்ளேயே கிடந்ததைச் சொன்னாள். சாப்பிடக் கூப்பிட்டால், ‘இன்னும் ஒரு வாளி, இன்னும் ஒரு வாளி’ என்று சத்தம் மட்டும் வந்ததாம். பிறகு தெற்குக் கரையில் செங்குத்துப் பாறை மேல் நின்று, குட்டியோடு வந்த திமிங்கலத்தைப் பார்த்ததைச் சொன்னாள்.

“இவன் அழுதான், நோலீன்.”

“கண்ணுல ஈ விழுந்துச்சு!”

“அரை மணி நேரமாவா?”

“பெரிய ஈ!”

கடைசியில் நோலீன் எழுந்து நின்று நீளமாக ஊதினாள். “நல்லது பதினொண்ணு. கெட்டது பதினேழு. டெஸ் ஜெயிச்சாச்சு.”

டெஸ்மண்ட் நாற்காலியிலிருந்து துள்ளினார். ஒரு லேமிங்டனை முழுசாக வாயில் போட்டார்.

“ஆனா,” என்றாள் நோலீன், “அந்தப் பதினேழுலயும் பொதுவா இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அது கேரவன் இல்ல.”

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். தவளை பார்த்ததுபோலவே பார்த்தார்கள்.

“கேரவனை ஏன் விக்கணும்? ஆளை மாத்தினாப் போதுமே.”

“நீ வர்றியா, நோலீன்?” என்றாள் பெரில்.

“பிப்ரவரியில எனக்கு என்ன வேலை இருக்கு?”

வாயில் லேமிங்டன் இருந்ததால் டெஸ்மண்டால் அப்பீல் செய்ய முடியவில்லை. விழுங்கி முடிப்பதற்குள் இருவரும் எந்தப் படுக்கை யாருக்கு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

“போங்க! போய்ட்டு வாங்க!” என்றார். “எனக்கு நிம்மதி!”

அந்த நிம்மதி சனிக்கிழமை வரை தாங்கியது. கேரவன் பார்க்க வந்தவரிடம் அவரே ஏதோ முனகி அனுப்பிவைத்தார். கிரிக்கெட் போட்டார், மழையால் ஆட்டம் நின்றது. வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஒரே சிரிப்பு. கேரவனுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் தொப்பி மாட்டும் கொக்கியில் நோலீனின் தொப்பி தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பெரில் தனியாக வண்டியில் ஏறி, கேரவனைக் கொட்டகைக்குள் பின்னால் எடுத்தாள். ஒரே முயற்சியில். அவர் அதையே செய்ய நாற்பது நிமிஷம் ஆகும். அதுவும் பெரில் பின்னால் நின்று கையாட்ட, அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள. தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி டெஸ்மண்ட் சிலையாக நின்றார். தண்ணீர் அவர் காலணிக்குள் போய்க்கொண்டிருந்தது.

‘இவள் நான் இல்லாமலே போய்விடுவாள்’ என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மாலையே சரணடைந்தார். “பெரில்… அந்த டாஸ்மேனியாவுக்கு நானும் வர்றேனே?”

“நீ ஜெயிச்சவனாச்சே! இடம் வேற நோலீனுக்குப் போயிடுச்சு.”

“நான் கேட்டுப் பார்க்கிறேன்.”

வேலியோரம் நின்று கெஞ்சினார். நோலீன் வெகுநேரம் வானத்தைப் பார்த்தாள். கடைசியில் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தாள். இரண்டே நிபந்தனைகள். வண்டியைப் பெரில்தான் ஓட்ட வேண்டும். பயணம் முடியும்வரை டெஸ்மண்ட் வாயிலிருந்து ஒரு புகார்கூட வரக் கூடாது. காகிதத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார். நன்றியும் சொன்னார்.

பிப்ரவரி முதல் வாரம் கிளம்பினார்கள். பெரில் ஸ்டியரிங்கில். அந்தக் காகிதம் டெஸ்மண்டின் முகத்துக்கு நேரே ஒட்டியிருந்தது. நோலீன் தன் வீட்டுக் கேட்டில் நின்று கையசைத்தாள்.

டெஸ்மண்டுக்கு மனசு உறுத்தியது. “பாவம் நோலீன். ஆசையா இருந்தா. அவ இடத்தை நான் பறிச்சுட்டேன்.”

“நோலீனா?” என்றாள் பெரில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “தபாலாபீஸ் வரைக்கும் கார்ல போனாலே அவளுக்கு வாந்தி. கப்பல்ல எங்க வரப் போறா?”

டெஸ்மண்ட் வாயைத் திறந்தார்.

“புகாரா?” என்று கேட்டாள் பெரில்.

“கொட்டாவி,” என்றார் டெஸ்மண்ட்.