எங்க வூட்டு பஸ் வந்துகினே கீது

இது உனுக்கு எதுக்கு இப்ப? பொயுது போவலன்னா போய் அந்த துணிய மடி. ஊர்ல அவனவன் எவ்ளோ பெருமைய வச்சிகினு கீறான், அதக் கேக்கறத வுட்டுட்டு, நான் மூஞ்ச தொங்கப் போட்டுகினு நின்ன கதைதான் வோணுமா? சரி, குந்து. அந்த ஃபேன இந்தாண்ட திருப்பு.

இந்த பென்னலூர் வூட்டு மாடில தெக்கத்தி பொண்ணுங்க வாடகைக்கு கீதுங்க இல்ல, அதுல ஒருத்தி எசக்கி. சுங்குவார்சத்திரத்தாண்ட கம்பெனில வேல. இன்னும் நிரந்தரம் ஆவல. ஏற்கெனவே லேட்டா போய் திட்டு வாங்கிகீறா. இன்னொரு தபா லேட்டுன்னா பொட்டிய கட்டிகினு ஊருக்குப் போவ வேண்டியதுதான். ஊர்ல மாமன் பையன் தாலியோட ரெடியா நிக்கறான். (போட்டோவ நானும் பாத்தேன். மீச நல்லா கீது. மத்தது ஆண்டவன் வுட்ட வழி.)

கம்பெனி பஸ்ஸு ஒரு நாளு முன்னாடியே வந்துரும், ஒரு நாளு வரவே வராது. பொண்ணுங்க ரோட்டுல வெயில்ல காயும். அதப் பாத்துட்டு எங்க மாப்ள, நான் ஒண்ணு செஞ்சி தரேன் அத்தன்னாரு. கம்ப்யூட்டர் வேல அவருக்கு, வூட்லர்ந்தே பாக்கறாரு. (பொண்ணு பிரசவத்துக்குன்னு வந்தவரு. பேத்திக்கு காது குத்தியாச்சி. இன்னும் கெளம்பல.)

போன்ல தொட்டா பஸ்ஸு எங்க கீதுன்னு காட்டும். எப்டி மாப்ளன்னு கேட்டேன். பஸ்ஸு வுடறவங்ககிட்ட ஒரு மிஷின் கீதாம். நம்ம பக்கத்துலர்ந்து ஒரு ஆளு அங்க போய் கேட்டுகினு வருவானாம். நெஜ ஆளு இல்ல, அதுவும் ப்ரோகிராம்தான். எச்டிடிபி கிளையண்டுன்னு பேராம். அவனுக்கு எந்த அட்ரஸுக்குப் போவணும், எவ்ளோ நேரம் வாசல்ல நிக்கணும், பதில் வரலன்னா எத்தினி தபா திரும்பக் கேக்கணும், எல்லாம் முன்னாடியே சொல்லி வுடணுமாம். தயிருக்கு ஒற கேட்டு பக்கத்து வூட்டுக்கு புள்ளைங்கள அனுப்பற மாதிரிதான். இதுக்கா இஞ்சினீரு படிக்கணும்?

நல்லாத்தான் ஓடிகினு இருந்திச்சி. ஒரு வெள்ளிக்கெயம, வெளக்கேத்திட்டு போன தொட்டா, செவப்பு எய்த்துல பெருசா ‘பதில் இல்லை’ன்னு வந்திச்சி. போன எடுத்துகினு நேரா மாப்ளகிட்ட போனேன். நம்ம வூட்ல அரிசி தீந்துட்டாகூட இல்லன்னு சொல்ல மாட்டோம், நெறஞ்சி போச்சின்னுதான் சொல்லுவோம். வெளக்கு வச்ச நேரத்துல இது இன்னா வார்த்த?

“அத்த, அது எரர். அங்கர்ந்து பதில் வரலன்னா அப்டித்தான் சொல்லணும்.”

“எதுவா இருந்தா இன்னா மாப்ள? வாயில நல்லதா வரட்டும்.”

அன்னிக்கி அவரு எத சொல்லியும் நான் வுடல. கடசில தலைய சொறிஞ்சிகினே மாத்திட்டாரு. பதில் வரலன்னா பச்ச எய்த்துல ‘வந்துகினே கீது’. பாக்கவே மனசு குளுந்து போச்சி. தெருவெல்லாம் காட்டிகினு வந்தேன்.

அப்பால ஒரு மத்தியானம். மழ பேஞ்சி வுட்டு, வானம் பால் கலந்தாப்ல இருந்திச்சி. ரெண்டாவது ஷிப்டு எசக்கிக்கு. யூனிபாரம் போட்டு, தல வாரி, டிபன் பாக்ஸ மடில வச்சிகினு என் பக்கத்துல வந்து குந்திச்சி.

“ஆச்சி, பஸ் வருதா?”

தொட்டேன். வந்துகினே கீது.

செவுத்துல சாஞ்சோம். தூரத்துல ஹைவேஸ்ல லாரிங்க போற சத்தம், யாரோ தூங்கறப்போ மூச்சு வுடறாப்ல. கொடில துணி சொட்டிகினு கீது. எசக்கி கண்ணு சொக்கிச்சி. மறுபடி தொட்டேன், வந்துகினே கீது. எனுக்கும் சொக்கிச்சி. ஏரித் தண்ணி மேலயே ஒரு பஸ்ஸு சத்தமே இல்லாம வருது. வெள்ள பஸ்ஸு. ஜன்னல்ல எல்லாம் தாவணி பறக்குது, உள்ள ஒருத்தரும் இல்ல. கிட்ட வருது, கிட்ட வருது, ஆனா வந்து சேரவே இல்ல. அதப் பாத்துகினே ஆயுசு பூரா குந்தலாம்போல இருந்திச்சி.

கண்ண தொறந்தா எதுக்க தண்ணி கேன் போடற தம்பி. கம்பெனி பஸ்ஸு எப்பவோ பூட்ச்சின்னுட்டான்.

எசக்கி அழக்கூட இல்ல. “என்னய ஊருக்கு அனுப்பிருவாவ ஆச்சி”ன்னு மெல்லமா சொல்லிச்சி. அந்த மெல்லந்தான் என்னிய எழுப்பிச்சி. தம்பிய வண்டிய எடுக்கச் சொல்லி, கேனுங்க நடுவுல ரெண்டு பேரும் ஏறிட்டோம். குலுங்கற குலுங்கல்ல என் பொடவ பாதி குளிச்சிடுச்சி. வண்டிலர்ந்தே மாப்ளைக்கு போன் போட்டேன். அவரு பாத்துட்டு, சத்தமே வராம சொன்னாரு:

“அத்த, பஸ்ஸுகாரங்க காலைலயே அட்ரஸ மாத்திகீறாங்க. நம்ம ஆளு பழைய வாசல்லயே போய் போய் நிக்கறான்.”

கேட்டாண்ட எறங்கினோம். சூப்ரேசரு ஒரு பொம்பள, செக்யூரிட்டி சொல்லி வெளிய வந்தா. நான் பொய்யெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன், வவுத்து வலி, வழில ஆக்சிடெண்டுன்னு. அவ மூஞ்சப் பாத்தா ஒண்ணும் வாயில வரல. இருந்ததத்தான் சொன்னேன். நாந்தான் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னேன், அதான் அது இப்டி சொல்லிச்சி, பொண்ணு மேல தப்பில்லன்னு.

அவ கைய நீட்டி போன வாங்கி தொட்டா. கம்பெனி வாசல்ல, பஸ்ஸு ஆளுங்கள எறக்கிட்டு காலியா நிக்குது. அது முன்னாடியே நின்னுகினு, போன் வந்துகினே கீதுன்னு சொல்லுது. அவ பஸ்ஸப் பாத்தா, போனப் பாத்தா, ஈரப் பொடவயோட நிக்கற என்னப் பாத்தா.

“அர நாளு லீவு போட்டுடறேன். லேட்டுன்னு எழுதல. உள்ள போ எசக்கி.” அப்பால என்கிட்ட திரும்பி, “நீங்க பஸ்ஸுக்கு நிக்காதீங்க ஆயா. நடந்தே போயிடுங்க.”

எசக்கிக்கு வேல நிரந்தரம் ஆயிடுச்சி. மாமன் பையன் வேற எடத்துல கட்டிகினான். போன்ல இப்ப ‘பதில் இல்லை’ன்னு செவப்பு எய்த்து, முன்னவிட பெருசு. வெளக்கேத்தறப்போ போன கவுத்து வச்சிடறேன், அவ்ளோதான்.

அன்னிக்கி சாயங்காலம் நனஞ்ச பொடவயோட வரேன், தெருவே வாசல்ல நிக்குது. கம்பெனி கேட்டாண்ட உனுக்கு இன்னா வேலன்னு கேக்கறாளுங்க. வேலைக்குத்தான் கூப்ட்டாங்கடி, போய் பாத்தேன், உள்ள ஏசியெல்லாம் கீது, ஆனா நின்னுகினே செய்யணுமாம், நமக்கு சரிப்படாதுன்னுட்டு வந்துட்டேன்னேன். அதக் கேட்டதுலர்ந்து மாப்ள என்ன எச்சார் மேடம்னுதான் கூப்புடறாரு (கம்பெனிக்கு ஆளு எடுக்கறவங்களாம்), பேத்தியும் அதையே கத்துகினா. எதுத்த வூட்டு கமலா மறுநாளே புள்ளையோட சர்ட்டிபிகேட்டெல்லாம் கவர்ல போட்டு எடுத்தாந்துட்டா. கண்ணாடியப் போட்டுகினு ஒவ்வொண்ணா பொரட்டிப் பாத்து, மார்க்கு கொஞ்சம் கம்மிதான் கமலா, இருந்தாலும் நான் பேசிப் பாக்கறேன்னு சொன்னேன்.