சோளக்காட்டில் பறவை பார்த்தேன்

ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு முடிவுக்கு வந்தேன். இனி ஆயுள் முழுவதும் பறவை பார்ப்பது. பறவைகள் மேல் எனக்குப் பெரிய பிரியமொன்றும் கிடையாது. பறவை பார்ப்பவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சும்மாவின் மேல்தான் பிரியம்.

பம்புசெட் கம்பெனியில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்தவன் நான். அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்கே குடிவந்தால் உட்காரலாம் என்று நினைத்தேன். குடிவந்தோம்; என் மனைவி ரங்கநாயகி உட்கார விடவில்லை. மோட்டார் போடு, மாட்டுக்குத் தண்ணி காட்டு, தேங்காய் பொறுக்கு. கம்பெனியில் சங்கு ஊதினால் வேலை முடியும். இங்கே எனக்கே சங்கு ஊதினால்தான் முடியும்.

பைனாகுலர் ஒன்று வாங்கி வந்து அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பறவை பாக்கறதுன்னா என்னங்க பண்ணோணும்?"

"ஒரே இடத்துல உக்காந்திருக்கோணும், அம்மிணி. யாரும் வேலை சொல்லக் கூடாது."

"நான் எதுக்குங்க சொல்றேன்? நல்லாப் பாருங்க."

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்துவிட்டது.

விடிவதற்குள் எழுப்பினாள். வேப்பமர நிழலில் இருந்த நாற்காலியைக் காணோம். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் கிடந்தது.

"மரத்தடியில காக்காதானுங்க வரும். ஒசந்த பறவையெல்லாம் காட்டுக்குள்ளதான்."

பளீரென்று ஓர் ஆரஞ்சுச் சட்டையை நீட்டினாள்.

"இதைப் போட்டா பறவை மிரளுமே?"

"மத்ததெல்லாம் தொவைக்கப் போட்டுட்டேனுங்க. அப்பறம், உக்காந்தே இருந்தா கழுத்து புடிச்சுக்கும். அப்பப்ப எந்திரிச்சுக் கையை நல்லா வீசுங்க."

என்ன அக்கறை! எழுந்தேன், வீசினேன். நடுவில் போன் அலறும். "டீ வேணுமுங்களா?" என்பாள். வேண்டும் என்பேன். டீ வராது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் அலறும்.

ஒரு பறவையும் அண்டவில்லை. பக்கத்துக் காட்டு வேலியில் மட்டும் மயில்கள் வரிசையாக நின்றன. நான் பைனாகுலரில் அவற்றைப் பார்த்தேன். அவை வெறுங்கண்ணால் என்னைப் பார்த்தன. பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகவே இறங்கிக்கொண்டன. வெயிலில் தலை கிறுகிறுத்தது, முழங்கால் வீங்கியது. பறவை நோக்கக் காட்டுக்குப் போனவனுக்குக் கிடைத்தது நோக்காடு.

ஒரு மாதம் தாங்கினேன். ஒரு சாயங்காலம் வாசலில் வந்து விழுந்தேன்.

"முடியல, அம்மிணி. ஒண்ணும் வரல."

"மயிலுமா வரலீங்க?"

"மயிலும் வரல."

"கிளி?"

"அதுவும் இல்ல."

கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "போதுமுங்க. நாளைக்கு நம்ம சோளம் அறுப்பு. இனி நீங்க காட்டுக்குப் போக வேண்டாம்."

அப்பாடா என்று காலை நீட்டினேன். பக்கத்துக் காட்டு கௌதமன் உள்ளே வந்தான்.

"ஏனுங்க்கா, எங்க சோளம் இப்பத்தான் கருது புடிக்குது. அதுக்குள்ள மயிலு எறங்கி நாசம் பண்ணிப்போடுச்சு. உங்குளுதுல ஒரு கருதுகூடச் சேதமில்லையே, காவலுக்கு என்னங்க்கா வெச்சிருந்தீங்க?"

 ரங்கநாயகி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். கௌதமனும் பார்த்தான்.

"நாளையிலிருந்து உங்க மாமன அனுப்பி வெக்கறேன் தம்பி. மத்தியானச் சோறு மட்டும் நீ போட்டுரு."