ஜனாதிபதி மன்னித்த தபால் பெட்டி

“இது செல்லாது, டுவேன்.” நீதிமன்ற எழுத்தர் மார்லீன் இரண்டாவது முறையாக அந்த மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பித் தள்ளினாள்.

“கீழ யாரு கையெழுத்துன்னு பாரு.”

“பாத்தேன். ஜனாதிபதி. இங்க செல்லாது.”

டுவேன் ஹாஸ்லருக்கு எரிச்சல் தலைக்கேறியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். மூன்று மாதத்துக்கு முன் அவனுடைய சொந்த வண்டி ஒரு வீட்டின் முன் சாலையோரம் நட்டிருந்த தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தண்டனை விழுந்தால் பேருந்து வேலை போய்விடும். விசாரணை இன்று இரண்டு மணிக்கு.

தபால் பெட்டி என்றால் மத்திய அரசு சமாச்சாரம், மத்திய அரசு என்றால் ஜனாதிபதி. இது டுவேனின் கணக்கு. வாஷிங்டனில் இருக்கும் மச்சான் யார் யார் காலிலோ விழுந்து ஜனாதிபதியின் மன்னிப்புக் கடிதத்தை வாங்கி அனுப்பினான். டுவேன் அதற்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டு, நீதிமன்றம் அமர்த்திய வக்கீலையும் வேண்டாமென்று அனுப்பிவிட்டான். ஜனாதிபதியே இருக்கும்போது வக்கீல் எதற்கு?

“சட்டம் போடறதுக்கு முன்னால சட்டத்தைக் கேட்டிருக்கலாம்ல?” என்றாள் மார்லீன். “பெட்டியை இடிச்சதுக்கு உன்மேல கேஸ் இல்ல. இடிச்சிட்டு நிக்காம ஓடினதுக்குத்தான் கேஸ். அது ஒஹாயோ சட்டம்.”

“நாட்டுக்கே பெரியவர்டி அவரு. உங்க ஜட்ஜுக்கு மேல இல்லையா?”

“எங்க ஜட்ஜுக்கு மேல கூரைதான் இருக்கு. மாநிலக் குத்தத்துக்கு கவர்னர்தான் மன்னிப்பு குடுக்கணும். போ, பின்னால வரிசை நிக்குது.”

டுவேன் வராந்தாவில் நின்று கவர்னர் அலுவலகத்துக்குப் போன் போட்டான். இருபது நிமிடம் பியானோ இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள்.

“தண்டனை ஆயிடுச்சுங்களா?”

“இன்னும் இல்லைங்க. அது ஆகக்கூடாதுன்னுதானே கூப்பிடறேன்.”

“அப்ப எதைங்க மன்னிக்கறது? முதல்ல குற்றவாளின்னு தீர்ப்பாகணும். அப்புறம் மனு போடுங்க.”

டுவேன் போனை வைத்தான். அப்புறம் ஒரு வழி புலப்பட்டது. குற்றவாளியாக வேண்டும், அவ்வளவுதானே? இன்றே ஆகிவிட்டால் நாளையே மனு போடலாம்.

இரண்டு மணிக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார்.

“நான் முதல்ல பேசிடறேங்க,” என்று டுவேன் முந்திக்கொண்டான். “குற்றத்தை ஒத்துக்கறேன்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்றார் நீதிபதி.

“நல்லா யோசிச்சிட்டேங்க. வண்டியை ஓட்டினது நான்தான். இடிச்சதும் நான்தான், நிக்காம போனதும் நான்தான்.”

“வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்லலாமே?”

“எதுக்குங்க? சீக்கிரம் எழுதிக்கோங்க. எனக்கு மனு போடற வேலை இருக்கு.”

நீதிபதி மூன்று முறை கேட்டார். டுவேன் மூன்று முறையும் அலுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். தீர்ப்பு எழுதப்பட்டது. அரசு வக்கீல் தன் கையிலிருந்த காகிதத்தை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அவரு என்னமோ சொல்ல வந்தாரே, என்னவாம்?” என்று வெளியே வரும்போது வாசல் காவலர் ஓடிஸிடம் கேட்டான் டுவேன்.

“கேஸை வாபஸ் வாங்கறேன்னு சொல்ல வந்தாரு,” என்றார் ஓடிஸ். “வண்டியை ஓட்டினது யாருன்னு சொல்ல மூணு மாசமா ஒரு சாட்சிகூட கிடைக்கல. இன்னிக்கு நீங்க வந்தீங்க.”