முடிச்சு மாமாவின் கோடித்துணி

சேலம் ஜில்லாவிலேயே குப்பை என்று எதையும் வெளியே போடாத ஒரே ஆத்மா எங்கள் ஆட்டையாம்பட்டித் தெருவின் முடிச்சு மாமாதான். மூன்றாம் வகுப்போடு நின்று, இன்று என் தறிச் சத்தத்தில் ஒரு தெருவையே எழுப்புகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

அவர் வீட்டில் ஒரு குடை கிழிந்தது. துணி கோவணமாயிற்று, கம்பி சோளக்கதிர் சுட, கைப்பிடி கிணற்றில் விழுந்த வாளி எடுக்க. மழை வந்தால் அத்தை தெருவுக்கே கேட்கக் கத்துவாள்: "குடையில அத்தனையும் ஊட்டுலதானுங்க இருக்குது, குடையத்தான் காணோம்!"

பாவு நூல் நெய்து முடிந்ததும் தறியில் மிஞ்சும் முழ நீளத் துண்டு நூலை மாமா வீடு வீடாகக் கேட்டு வாங்கி, முடிந்து முடிந்து ஒரு வேட்டி நெய்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, எந்தக் கல்யாணத்துக்குங்க?" என்றேன்.

"எம் பொணத்து மேல போடற கோடி சாமி. செத்த பொறவு எதுக்குக் கடைச் செலவு?"

தெருவே சிரித்தது. அப்புறம் யுத்தம் வந்தது. நூல் கட்டுப்பாடு. ஊருக்கெல்லாம் துணி நெய்த எங்கள் இடுப்பில் கந்தல். அந்த நேரம் பார்த்து அப்பாவை வாந்திபேதி கொண்டுபோயிற்று.

கோடிக்காகச் சேலம் வரை நடந்தேன். துணி டிப்போ பூட்டிக் கிடந்தது. கள்ளவிலைக்காரன் காலில் விழுந்தேன். யார் காலிலும் விழாதவன் நான். வெறுங்கையோடு திரும்பினால், வாசலில் பெரியவர்கள் அப்பாவின் மேல் போர்த்தக் கோணிச்சாக்கை உதறிக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சு மாமா வந்தார். கக்கத்தில் அந்த வேட்டி.

"கோடின்னா புதுசா இருக்கோணுமுங்க. இது கழிவு நூலு" என்றார் ஒருவர்.

"ஆரு கட்டி அவுத்ததுங்க? இப்பத்தான் தறியிலிருந்து அறுத்துட்டு வாரேன்!" என்றார் மாமா.

"மாமா, அப்ப உங்களுக்கு?" என்றேன்.

"துணியில்லாத காலத்துல செத்தா நட்டம் சாமி. சாவத் தள்ளி வெச்சுக்கறேன்."

மயானத்தில் போர்த்தியபோது ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. மாமா குனிந்து பல்லால் கடித்து அறுத்தார். வழக்கம்போல் மடியில் செருகுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதை அப்பாவின் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு, வெறும் மடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.