சாக்கடையாகக் கருதப்படும் எவர்சில்வர் பேசின்

ஒரு மனிதனின் கால்கள் இரண்டும் அவனுக்கே சொந்தம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது உண்மைதான், அவற்றைக் காப்பாற்ற யாரிடமும் அனுமதி கேட்கப் போகாதவரைக்கும்.

மலைமேல் இருக்கும் எங்கள் காந்தலில் குடியிருக்கும் ஞானசேகரன் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவர், சர்க்கரை வியாதிக்காரர். லாரிப் பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி இடது பாதத்தைக் கிழித்துவிட்டது. மாத்திரை, ஊசி, அதைவிடப் பெரிய ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. புண்ணிலிருந்த பாக்டீரியா எதற்கும் மசியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஞானசேகரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இனிக் கிளட்சை எந்தக் காலால் மிதிப்பது என்று மட்டும் மனைவி அருக்காணியிடம் கேட்டார்.

அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் சசிரேகா என்ற டாக்டர் இருந்தார். பாக்டீரியாவையே தாக்கி அழிக்கும் வைரஸ்கள் உண்டு, அவற்றுக்கு ஃபேஜ் என்று பெயர், மனிதரை அவை சீண்டுவதில்லை என்று அருக்காணிக்கு விளக்கினார். பாக்டீரியா மலிந்த இடத்தில் ஃபேஜும் மலிந்திருக்கும். அந்த வகையில் எங்கள் காந்தல் சாக்கடை ஒரு பொக்கிஷம். அதில் தண்ணீர் மொண்டு, வடிகட்டி, சுத்தம் செய்து பார்த்ததில், ஞானசேகரனின் புண்ணிலிருந்த கிருமியைக் குறிபார்த்துக் கொல்லும் ஃபேஜ் கிடைத்தேவிட்டது. புண்ணில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்கு நுண்ணுயிர் நடமாட்ட ஒழுங்குமுறை அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

அலுவலகத்தின் அதிகாரி ஆறுக்குட்டி நல்ல மனிதர். அனுமதி கேட்டு வந்த சசிரேகாவுக்கும் அருக்காணிக்கும் டீ வரவழைத்தார். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் டிராயரிலிருந்து பழைய மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அது உயிருள்ளதுங்களா, உயிரில்லாததுங்களா?"

ரெண்டுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் சசிரேகா.

"அப்படி வைக்க முடியாதுங்க. உயிருள்ளதுன்னா கால்நடைத் துறைக்குப் போகோணும். இல்லாததுன்னா மருந்துத் துறைக்குப் போகோணும். நடுவுலன்னா நாந்தானுங்க. எனக்கு இன்னும் விதி வரலீங்க."

விதி வரும்வரை குழு அமைக்கப்பட்டது. ஃபேஜின் பூர்வீகம் மலையா சமவெளியா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். சமவெளி என்றால் வெளியூர்க்காரர்களைப் போல இ-பாஸ் எடுத்து மலையேறியதா என்று இன்னொருவர் கேட்டார். சசிரேகா அதை பிளாஸ்டிக் குப்பியில் கொண்டுவந்ததால், பிளாஸ்டிக் ஒழிக்கப்பட்ட மலையில் இப்படிச் செய்யலாமா என்று கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இதற்கிடையே ஞானசேகரனின் சுண்டுவிரல் கறுத்துவிட்டது.

அருக்காணி தனியாகக் கிளம்பி அலுவலகத்துக்குப் போனார். விஷயம் தெரிந்து சசிரேகாவும் பின்னாலேயே ஓடினார்.

"ஏனுங்க சார், அந்த வைரஸ் சாக்கடையில ஓடறதுக்கு யாருங்க அனுமதி குடுத்தது?"

"அது தானா ஓடறதுங்க. அனுமதி வேண்டியதில்லை."

"எங்க ஊட்டுக்காரர் அதுல கால் தவறி விழுந்துட்டா?"

"அது விபத்துங்க. விபத்துக்கு முன் அனுமதி கேக்கறதில்லீங்க."

சாக்கடையில் காலை வைத்தால் ஆளே போய்விடுவார், சுத்தம் செய்த திரவத்தில்தான் வைக்க வேண்டும் என்று சசிரேகா பதறினார். ஆறுக்குட்டி மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். அவருக்குக் காலையும் காப்பாற்ற வேண்டும், விதியையும் காப்பாற்ற வேண்டும். சாயங்காலம் உத்தரவு வந்தது: 'வார்டில் உள்ள எவர்சில்வர் பேசின், மறு உத்தரவு வரும்வரை, காந்தல் சாக்கடையின் நீட்சியாகக் கருதப்படும்.'

மறுநாள் காலை முதல், சசிரேகா சுத்தம் செய்த திரவத்தை ஊற்றிவைத்த பேசினுக்குள் ஞானசேகரன் தவறி விழ ஆரம்பித்தார். விபத்தைச் சரிபார்க்க வந்த அலுவலர், இதில் தவறுதலே தெரியவில்லை, ஆள் நிதானமாகக் காலை வைக்கிறார் என்று ஆட்சேபித்தார். அதன்பிறகு அருக்காணி பக்கத்தில் நின்று, மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவில்லாமல், மெல்லிய குரலில் "ஐயோ" என்று சொல்லத் தொடங்கினார். வார்டுக்குள் சாக்கடை இருக்கிறதென்று ஒருவர் கொசு மருந்து அடிக்கவும் வந்தார். அவரைச் சசிரேகா வாசலிலேயே மறித்தார்.

புண்ணுக்குள் புதுச்சதை சிவந்தது. ஓரங்களில் புதுத் தோல் எட்டிப்பார்த்தது. ஒருநாள் பாதத்தில் அரிப்பெடுக்கிறது என்றார் ஞானசேகரன். செத்த இடம் அரிக்காது என்பது அவருக்குத் தெரியும். தலையணையில் முகத்தை வைத்து அழுதார். அருக்காணி அன்று "ஐயோ" சொல்ல மறந்துவிட்டார். சுண்டுவிரல் போயிற்று, கால் தங்கிற்று. ஞானசேகரன் மீண்டும் லாரி ஏறினார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சேதி மலையிறங்கியபோது ஃபேஜ் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், சாக்கடை மட்டும் போய்ச் சேர்ந்தது. குன்னூரில் ஒரு ரிசார்ட், 'இயற்கை ஃபேஜ் ஸ்நானம்' தொடங்கியது. வெள்ளை அங்கி அணிந்த விருந்தினர்கள் செப்புத் தொட்டியில் சேற்று நீரை நிரப்பி, கால்களைத் தொங்கவிட்டு, கண்களை மூடிக்கொண்டார்கள். வசதியில்லாதவர்கள் நேராகக் காந்தலுக்கே வந்தார்கள். இது மருந்தல்ல, ஆபத்து என்று சசிரேகா பலகை வைத்தார். அதன் கீழே நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். கால் வைத்தவர்களுக்கெல்லாம் புண் வந்தது. புண் வந்ததும், மருந்து வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் கெட்டது வெளியே வருகிறது என்றார்கள்.

ஆறுக்குட்டி மக்கள் நலனைக் கருதி முறைப்படி யோசித்தார். குணமாக்குவது எதுவோ அது மருந்து. எனவே காந்தல் சாக்கடை மருந்து. மருந்தில் பிளீச்சிங் பவுடர் போடுவது கலப்படம். தூர்வாருவது திருட்டு. உத்தரவு ஒட்டப்பட்டது. மழை வந்து எங்கள் வீடுகளுக்குள் மருந்து புகுந்தது.

நீங்கள் எதிர்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எதிர்க்காமல் என்ன? தெருவே திரண்டு போய் மனுக் கொடுத்தோம். அந்த உத்தரவில் மேலத் தெருச் சாக்கடையை முதல் தரம் என்றும், எங்கள் தெருவுடையதை இரண்டாம் தரம் என்றும் எப்படி அறிவிக்கலாம்? ஆறுக்குட்டி நியாயத்தை ஒப்புக்கொண்டார். மறுபரிசோதனைக்கு நாளை ஆள் வருகிறது. அதுவரை, தரம் குறையாமலிருக்க, யாரும் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டக்கூடாது, எல்லாம் சாக்கடைக்கே போக வேண்டும் என்று தெருக்கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம்.