தங்கதுரையின் பெருங்காயம்

சாம்பார் கொதித்துவிட்டது. அதில் பெருங்காயம் போட்டாயிற்றா இல்லையா என்பதுதான் தங்கதுரைக்கு நினைவில்லை.

கட்டிப் பெருங்காயத்தை ஊறவைத்திருந்த டம்ளர், கழுவிக் கவிழ்த்தபடி மேடைமேல் இருந்தது. சாம்பாரில் ஊற்றிய பிறகு கழுவியதா? இல்லை, ஏதோ அழுக்குத் தண்ணீர் என்று யாராவது கொட்டிவிட்டார்களா? வேறு எந்தச் சமையல்காரராக இருந்தாலும் அண்டாவின் மேல் லேசாகக் குனிந்தால் போதும், விஷயம் தெரிந்துவிடும். தங்கதுரையும் குனிந்தார். முகத்தில் ஆவி அடித்தது. சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

அவருக்கு மூக்கு வேலை செய்வதை நிறுத்திப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் தங்கதுரை மாஸ்டர் கையில் தேதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் முகூர்த்தமே குறித்தார்கள். நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டுப் பாத்திரங்களோடு டெம்போவில் திரும்பும்போது, சின்னசேலம் பக்கத்தில் வண்டி கவிழ்ந்தது. வண்டியிலிருந்து விழுந்ததில் அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நின்றவரின் பிடரியில், பின்னாலேயே உருண்டு வந்த அவருடைய சொந்த அண்டா அடித்தது.

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த அன்று மனைவி ராஜாம்பாள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "இன்னா இது, சுடுதண்ணியில புளிய கரைச்சிக் குடுத்துக்கினு இருக்கே?" என்று கேட்டார். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் நாக்குக்குத் தெரிந்தது. மணம் என்பது மட்டும் உலகத்தை விட்டே போய்விட்டது. நரம்பு சமாச்சாரம், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

யாரிடமும் சொல்லாமல் அடுத்த கல்யாணத்துக்குப் போனார். பாயசம் அடிப்பிடித்தது. மண்டபத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் அது தெரிந்தது, கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர. அதன்பிறகு ஒருவரும் அழைக்கவில்லை. பதினோரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கும்போதும் அவர் வலது கை எதையோ கிண்டுவதுபோல ஆடிக்கொண்டே இருக்கிறது என்று ராஜாம்பாள் பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் நாராயணசாமி வீடு தேடி வந்தார். கல்வராயன் மலை அடிவாரத்தில், மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ மில் ஒன்றின் மேனேஜர். மில்லில் பகல் ஷிப்டில் வேலை செய்யும் நாற்பது பேருக்கு மத்தியானச் சோறு ஆக்க நிரந்தரமாக ஒரு மாஸ்டர் வேண்டுமாம். என்னென்ன சமைப்பீர்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"தலையில அடின்னு சொன்னாங்களே மாஸ்டர். இப்ப எப்பிடி இருக்குது?"

"ஒரு கொறையும் இல்லீங்க. எல்லாம் சரியாயிடுச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமே சரியாயிடுச்சுங்க."

நாராயணசாமியின் முகம் கொஞ்சம் வாடியதுபோல இருந்தது. "சரி, எதுக்கும் ஒரு நாள் வந்து ஆக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கதுரையும் ராஜாம்பாளும் ஒரு திட்டம் போட்டார்கள். கூடமாட வேலை செய்கிற சாக்கில் அவளும் மில்லுக்கு வருவாள். சமையல் சரியாக இருந்தால் ஒரு தடவை இருமுவாள். தீய்ந்தாலோ, ஏதாவது தூக்கலாகப் போனாலோ இரண்டு தடவை. வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கஷாயம் கொடுத்து அனுப்பினார்கள்.

பாத்திரங்களைப் பார்த்து வைப்பதற்காகத் தங்கதுரை முதல் நாளே மில் லாரியில் வந்துவிட்டார். ராஜாம்பாள் காலை முதல் பஸ்ஸில் வரவேண்டும். பஸ் வரவில்லை. எந்த பஸ்ஸும் வரவில்லை. அது எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பர் மாதம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்த நாள். பாய்லர் பார்க்கும் சடையன்தான் காலையில் சேதி கொண்டுவந்தான்.

"கச்சிராயபாளையம் ரோட்டுல நாலு எடத்துல மரத்த சாய்ச்சிட்டாங்க மாஸ்டர். என் தம்பிகூட அங்கதான் குந்திக்கினு இருக்கான். எம்.ஏ. படிச்சிட்டு மூணு வருஷமா வேல தேடிக்கினு இருக்கான். இதுலயாவது ஒரு வழி பொறக்குமானு பாக்கறான்."

"பொறக்கட்டும்பா. நடந்து போற பொம்பளைங்கள வுட்டுடுவாங்கல்ல?"

"நடக்கறவங்கள யாரு இன்னா சொல்லப் போறாங்க? வண்டிதான் போவாது."

ராஜாம்பாள் இத்தனை தூரம் நடந்து வருவதற்குள் சாப்பாட்டு நேரமே முடிந்துவிடும். தங்கதுரை துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தனியாகவே அடுப்பைப் பற்றவைத்தார். சமையற்கட்டு புழுக்கமாக இருந்தது. ஆணி அடித்திருந்த பின்பக்கத்து ஜன்னலைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். நல்ல காற்று வந்தது. சடையன் ஜன்னலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பாய்லர் பக்கம் வேகமாகப் போய்விட்டான்.

இப்போது அந்தச் சடையனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மூக்கு இல்லை என்று காட்டிக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

"சடையா, ஒங்க ஊருக்காரங்களுக்குப் பெருங்காயம் ஜாஸ்தி புடிக்குமா, கம்மியா புடிக்குமா? சாம்பார மோந்து பாத்து நீயே சொல்லு."

சடையன் அண்டாவின் மேல் குனிந்தான். கண்ணை மூடினான். மூக்கைச் சுருக்கினான்.

"பெருங்காய வாசனையே வரலியே மாஸ்டர்."

அப்படியானால் போடவில்லை. தங்கதுரை நிம்மதியாக இன்னொரு கட்டியை வெந்நீரில் கரைத்து ஊற்றினார். இருந்தாலும் ஒருவர் பேச்சை மட்டும் நம்பக்கூடாது என்று, கிழங்குத் தோல் உரிக்கும் குஞ்சம்மாள் தண்ணீர் குடிக்க வந்தபோது அவளையும் கேட்டார்.

"இப்ப பெருங்காயம் சரியா இருக்குதா பாரும்மா."

குஞ்சம்மாள் மோந்து பார்த்தாள். "எனக்கு ஒன்னும் தெரியலியே."

மறுபடியும் ஒரு கட்டி போனது. கிளம்பும்போது குஞ்சம்மாள் மேடையைக் காட்டி, "அந்த டம்ளர கழுவி கவுத்து வெச்சது நான்தான் மாஸ்டர். நீங்க சாம்பார்ல ஊத்திட்டு அப்பிடியே வெச்சிட்டுப் போய்ட்டீங்க" என்றாள்.

தங்கதுரை கரண்டியை மேடைமேல் வைத்தார். மூன்று கட்டி. முந்நூறு பேர் சாப்பிடும் கல்யாணத்துக்குப் போடுகிற அளவு.

இளக்குவதற்காக ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். சாம்பார் நீர்த்துப் போனது. பருப்பு வேகவைக்கலாம் என்றால், சாமான் ஏற்றிவந்த வண்டி மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. இதை யோசித்துக்கொண்டிருக்கும்போது நாராயணசாமி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருந்த மனிதருக்கு அதற்குள் சளி பிடித்துவிட்டதே என்று தங்கதுரைக்குப் பாவமாக இருந்தது.

"மாஸ்டர், லாரிக்காரங்க ஒம்போது பேரு இங்கயே மாட்டிக்கினாங்க. ராத்திரி ஷிப்டு ஆளுங்களும் வூட்டுக்குப் போக முடியல. மொத்தம் எண்பது பேருக்கு ஆவணும். முடியுமா?"

"முடியுங்க" என்றார் தங்கதுரை.

பருப்புக்குப் பதில் வாசலில் மலைபோலக் குவிந்திருந்த மரவள்ளிக் கிழங்கைக் குஞ்சம்மாளிடம் சொல்லி உரித்து வாங்கி, வேகவைத்து மசித்துக் கொட்டினார். சாம்பார் இப்போது கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. திரும்பத் தண்ணீர், திரும்பப் புளி, திரும்ப உப்பு. ஒரு அண்டா சாம்பார் இரண்டு அண்டாவாகிவிட்டது. இவர் இந்தப் பக்கம் போராடிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்து அடுப்பில் ரசத்துக்குத் தாளிக்க வைத்திருந்த பூண்டு தன்பாட்டுக்குக் கருகிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், பொகையுது!" என்று குஞ்சம்மாள் கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பூண்டு கரித்துண்டாக இருந்தது. அதை எடுத்துக் கொட்டிவிட்டு, வெறி வந்தவர்போல இரண்டு மடங்கு பூண்டை நசுக்கிப் போட்டார். எண்ணெயை மாற்ற மறந்துவிட்டார்.

மோர் ஒன்றுதான் பாக்கி. அதையாவது யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் திரும்பினால், சடையன் கையில் காலி டம்ளரோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

"எண்பது பேருன்னாங்களே, மோரு பத்தாதுன்னு டம்ளர்ல இருந்ததையும் ஊத்தி கலக்கிட்டேன் மாஸ்டர்."

"எந்த டம்ளரு?"

"இதோ, மேடையில வெள்ளையா இருந்துச்சே."

அது ரசத்துக்கென்று தனியாக ஊறவைத்த பெருங்காயத் தண்ணீர்.

தங்கதுரை மணை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் வரவில்லை. வண்டி கவிழ்ந்த அன்று அண்டா உருண்டு வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றபோதும் இப்படித்தான் ஒரு அமைதி வந்தது.

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. கொட்டகையில் நாலு வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. தங்கதுரை தூண் மறைவில் நின்று பார்த்தார். முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன கைகள் பாதியில் நின்றன. பேச்சு நின்றது. ஒரு லாரி டிரைவர் தட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். சடையனுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எண்பது பேரில் ஒருவர்கூட வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மண்டபத்தில் பாயசம் தீய்ந்த அன்று திட்டவாவது செய்தார்கள். இது அதைவிட மோசம் என்று பட்டது அவருக்கு.

அந்த நேரம் பார்த்து மில் கேட்டருகில் ராஜாம்பாள் தெரிந்தாள். காலெல்லாம் புழுதி, கையில் செருப்பு. பாதித் தூரம் நடை, பாதித் தூரம் யாரோ ஒரு புண்ணியவான் சைக்கிளின் பின்னால். மரத்துக்கு மரம் இறங்கி ஏறி வந்திருக்கிறாள். அவள் கேட்டுக்குள் ஒரு காலை எடுத்துவைத்தாள்.

இருமினாள்.

ஒன்று, என்று எண்ணினார் தங்கதுரை. இரண்டு. மூன்று. நாலு. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு, விடாமல் இருமிக்கொண்டே இருந்தாள். பத்துக்கு மேல் அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். கேட்டிலிருந்தே இத்தனை இருமல் என்றால், கிட்டே வந்து மோந்தால் உயிரே போய்விடும்.

போதும் என்று முடிவு செய்தார். அனுப்புவதற்கு முன் நாமே சொல்லிவிட்டுப் போய்விடலாம். கைகழுவும் தொட்டியருகில் நின்றிருந்த நாராயணசாமியிடம் போய்த் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேனேஜர் சார், ஒரு விஷயம்."

"நானே சொல்லணும்னு இருந்தேன் மாஸ்டர். எல்லாரும் ரெண்டாவது தடவ கேக்கறாங்க. நாளையிலேர்ந்து இதே பெருங்காயம், இதே அளவு. கம்மி பண்ணிடாதீங்க."

தங்கதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்களில் கேலி இல்லை. வேலை கிடைத்துவிட்டது. அப்படியே வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கேட்டருகில் அவள் இன்னும் இருமிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லி வந்துட்டேங்க" என்றார். "எனக்கு இன்னும் சரியாவல. மூக்குல ஒரு வாசனையும் தெரியாது. இன்னிக்கு அளவெல்லாம் பாத்துப் போட்டதில்ல, தடுமாறிப் போட்டது. இனிமேயும் தடுமாறுவேன். வேற மாஸ்டரா பாத்துக்குங்க."

நாராயணசாமி அவரையே பார்த்தார். "ஒன்னுமே தெரியாதா?"

"ஒன்னுமே தெரியாதுங்க."

"நெசமாவா?"

"எம் பொண்டாட்டி மேல சத்தியமா."

நாராயணசாமி நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா!" என்றார்.

பக்கத்தில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த குஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"இன்னா மாஸ்டர் முழிக்கறீங்க? நீங்க தொறந்து வெச்சீங்களே ஜன்னலு, அதுக்கு அந்தாண்ட கெழங்குக் கழிவுத்தண்ணி குட்ட நாறிக்கினு கெடக்குது, இன்னிக்குத்தான் ஒங்க பெருங்காயம் அத அமுக்கிச்சு. அந்த நாத்தம் தாங்காம நாலு மாஸ்டரு ஒல வெக்கறதுக்குள்ள ஓடிட்டாங்கன்னுதான மூக்கு செத்த ஆளா பாத்து ஒங்க வூட்டுக்கு வந்தாரு!"