அரச காளாஞ்சியில் பதினோரு பேர்

இப்போதெல்லாம் ஓர் ஆள் காணாமல் போனால் ஒருவரும் தேடுவதில்லை. 'எங்காவது போயிருப்பான்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் வெண்குடை நாட்டில், ஏரித் தண்ணீர் எங்கே போகிறது என்று அரண்மனை வாசலில் நின்று கேட்ட மாசிலாமணியை ஒன்பது வருடமாகக் காணோம். அவர் மகள் பூங்காவனம் மட்டும் தேடுவதை விடவில்லை.

அரசருக்குச் சிலை வைக்கக் குழி தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அமைச்சர் திருவாழி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இவர் நம் அரசரின் முப்பாட்டனார்! இந்த எலும்போடு யாருடைய மரபணு பொருந்துகிறதோ அவர்களே அரச வம்சம்!" என்று பறையறைவித்துவிட்டார்.

"அது எங்கப்பாவுங்க," என்றாள் பூங்காவனம். "இடது காலு ஒடிஞ்சு கோணலா கூடியிருக்கு பாருங்க. குடுத்தீங்கன்னா அடக்கம் பண்ணிடுவேன்."

"கால் சாட்சி சொல்லாது அம்மணி. விஞ்ஞானம் சொல்லும்."

அவள் வாயில் பஞ்சை விட்டு எச்சில் எடுத்தார்கள். அரசர் வாயைத் தொடுவதோ ராஜதுரோகம். ஆகவே அவர் வெற்றிலை துப்பும் பொற்காளாஞ்சியை அப்படியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

ஆய்வுக்கூடத்துத் தலைவி கோமளவல்லி சபையில் அறிக்கையை வாசித்தார்: "அரசருக்குள் பதினோரு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் எலும்போடு உறவில்லை. பூங்காவனம், எலும்புக்குரியவரின் மகள்."

அரசர் கண்ணயரும்போதெல்லாம் காளாஞ்சியில் துப்பிவந்த பத்து அமைச்சர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"அப்போ நம்ம பூங்காவனந்தான் மகாராணியா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். சபையே சிரித்தது. அரசர் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தாயே, தங்களுக்கு... அரியணை வேண்டுமா?" என்றார் திருவாழி.

"அதை நீங்களே வெச்சுக்குங்க. எங்கப்பாவைக் குடுங்க."

உச்சிப்பொழுதுக்குள் கொடுத்துவிட்டார்கள். பல்லக்கு, மேளம், பூமாரி. திருவாழியே ஒரு பக்கம் தோள் கொடுத்தார். பூங்காவனம் ஒன்பது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். மாசிலாமணி எப்படிச் செத்தார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் புதிய ஆணை வந்தது: "பூங்காவனம் பட்ட துன்பம் இனி எவருக்கும் வரலாகாது. ஏரியைப் பற்றிக் கேட்க விரும்புவோர், கேட்பதற்கு முன்பே எச்சில் கொடுத்துவிட வேண்டும்."

என்ன கருணை என்று ஊரே கைதட்டியது. அரண்மனை வாசலில் நின்ற என்னிடம் சேவகன் ஒருவன் பஞ்சை நீட்டினான்.

"வாயத் திறங்க பெரியவரே. உங்க நல்லதுக்குத்தான்."

"ஆளு காணாமப் போகாம இருக்க ஏதாச்சும் பஞ்சு வெச்சிருக்கியாப்பா?"

"அது வேற துறைங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.